முதல் முழு மாரத்தான்: எந்த வழியில் போவது?

10 கிலோமீட்டரை நிற்காமல் ஓடி முடிக்கத் தொடங்கியதும் பலருக்கும் வரும் அடுத்த ஆசை முழு மாரத்தான். 42.195 கிலோமீட்டர். ஆசை நல்லதுதான். சிக்கல், அதற்குப் போகும் வழியைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் 16 வார, 18 வார அட்டவணைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வானிலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அதோடு, ஒரு கிலோமீட்டரை ஐந்தரை, ஆறு நிமிடத்தில் ஓடுபவரைக் கணக்கில் வைத்தவை. சென்னையிலோ கடலூரிலோ வியர்வையில் நனைந்து எட்டு நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் ஓடுபவர் அதே அட்டவணையைப் பின்பற்றினால், பயிற்சியே காயத்துக்கு வழியாகிவிடும்.

இங்கே சென்னையில் வசிக்கும், இதுவரை ஃபுல் ஓடியிராத ஒருவரை வைத்துப் பேசுகிறோம். இலக்கு, ஜனவரி முதல் வாரத்தையொட்டி நடக்கும் சென்னை மாரத்தான், அல்லது அதற்கடுத்து வரும் ஒரு போட்டி.

18 வாரமா, ஒரு வருடமா, நடுவில் 32 கிலோமீட்டரா?

முதல் வழி நேரடியானது. செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து, ஞாயிறு லாங் ரன்னை, அதாவது வாரத்தின் மிக நீண்ட ஓட்டத்தை, 12 கிலோமீட்டரிலிருந்து படிப்படியாக ஏற்றி, டிசம்பர் நடுவில் உச்சம் தொட்டு, கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்து, ஜனவரியில் ஓடுவது. இது யாருக்குச் சரிப்படும் என்றால், ஏற்கெனவே குறைந்தது மூன்று மாதமாக வாரம் 25 முதல் 30 கிலோமீட்டர் வலியில்லாமல் ஓடிக்கொண்டிருப்பவருக்கு. வாரம் 10 கிலோமீட்டர் ஓடுபவருக்கு இது சரிப்படாது. காரணம் மூச்சு அல்ல. இதயமும் நுரையீரலும் ஆறு எட்டு வாரத்திலேயே முன்னேறிவிடும். தசைநாண்களுக்கும் எலும்புக்கும் மாதங்கள் பிடிக்கும். அதனால்தான் பத்தாவது வாரத்தில் ‘மூச்சு வாங்கவே இல்லையே, இன்னும் இரண்டு கிலோமீட்டர் போகலாம்’ என்று தோன்றும். அதே வாரத்தில்தான் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு வலிக்க ஆரம்பிக்கும்.

இந்த வழிக்கு உள்ளூர்ச் சங்கடம் ஒன்றும் உண்டு: வடகிழக்குப் பருவமழை. லாங் ரன் நீளும் அக்டோபர், நவம்பர், டிசம்பர்தான் சென்னையில் மழைக்காலம். இரண்டு ஞாயிறாவது தண்ணீரில் போகும் என்று எடுத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். விட்டுப்போன 24 கிலோமீட்டரை அடுத்த வாரம் 26-உடன் கூட்டி ஈடுகட்டாதீர்கள். விட்டது விட்டதுதான். ஒரு நாள் முன்னே பின்னே நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். முடியாவிட்டால் ட்ரெட்மில்லில் 1 சதவீதச் சாய்வு வைத்து ஒன்றரை மணி நேரம் வரை ஓடலாம். அதற்கு மேல் ஒரே மாதிரி அடி விழுந்துகொண்டே இருப்பதால் ஒரே இடத்தில் பாரம் ஏறும். தேங்கிய நீரில் மட்டும் ஓடாதீர்கள். கீழே திறந்த சாக்கடைக்குழி இருந்தாலும் தெரியாது.

இரண்டாம் வழி ஒரு வருடத்தது. பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கி, ஜூலை அல்லது ஆகஸ்ட்டில் ஒரு ஹாஃப், அதாவது 21 கிலோமீட்டர் அரை மாரத்தான் ஓடி, இரண்டு வாரம் ஓய்வெடுத்து, பிறகு மேலே சொன்ன 18 வாரத்துக்குள் நுழைவது. காலம் அதிகம். ஆனால் ஹாஃப் உங்களைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். ஷூ எங்கே கடிக்கிறது, வயிறு எதை ஏற்கிறது, கூட்டத்தில் எவ்வளவு வேகமாகத் தொடங்கி மாட்டிக்கொள்கிறீர்கள் என்பதெல்லாம் 21-இலேயே தெரிந்துவிடும். நேரக் கணக்கும் கிடைக்கும். முதல்முறை ஓடுபவர் ஹாஃப் நேரத்தை இரண்டால் பெருக்கி, அதன்மேல் 20 முதல் 40 நிமிடம் சேர்த்துக்கொண்டால் ஃபுல்லுக்கு நியாயமான மதிப்பீடு வரும். ஹாஃபை இரண்டரை மணியில் முடித்தவர் ஃபுல்லுக்கு 5 மணி 20 நிமிடத்திலிருந்து 5.40 வரை எதிர்பார்க்கலாம். ‘நாலரைக்குள் முடித்துவிடலாம்’ என்ற கற்பனையும் அதோடு போய்விடும்.

மூன்றாவது வழியைப் பலரும் யோசிப்பதே இல்லை. சென்னை மாரத்தானில் ஃபுல்லுக்கும் ஹாஃபுக்கும் நடுவே 32.186 கிலோமீட்டர், அதாவது 20 மைல் பிரிவு ஒன்று உண்டு. மாரத்தான் கடினமாவது 30-ஐத் தாண்டித்தான். அந்த எல்லையை, தண்ணீர்ப் பந்தல், தன்னார்வலர், மருத்துவ உதவி எல்லாம் இருக்கும்போது தொட்டுப்பார்க்க இது நல்ல வாய்ப்பு. இதை ஜனவரியில் மெதுவாக ஓடிவிட்டு, பிப்ரவரியில் நடக்கும் ஆரோவில் மாரத்தானில் ஃபுல் ஓடலாம். நடுவில் கிடைக்கும் ஐந்து வாரத்தில் முதல் வாரம் ஓய்வும் நடையும், அடுத்த இரண்டு வாரம் மிதமான ஓட்டம், கடைசி இரண்டு வாரம் குறைப்பு. ஆரோவிலில் பாதை செம்மண். நேரக் கணக்கும் பரிசும் இல்லாத ஓட்டம் அது. முதல் ஃபுல்லுக்கு அந்த மனநிலை மிகவும் பொருந்தும். ஆனால் 32-ஐப் பந்தயமாக ஓடித் தீர்த்துவிட்டால் ஐந்து வாரம் போதாது. அந்தக் கட்டுப்பாடு தன்னிடம் இருக்கிறதா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் கணிப்பில் புதியவருக்கு இரண்டாவது வழிதான் முதன்மை. ஏற்கெனவே ஒரு ஹாஃப் முடித்தவருக்கு மூன்றாவது. முதல் வழியில் தவறு இல்லை, ஆனால் மேலே சொன்ன மூன்று மாத அடித்தளம் இருந்தால் மட்டும். எந்த வழியானாலும் 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு கண்டவர்கள் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்து, தேவையான இதயப் பரிசோதனையை முடித்துக்கொள்ள வேண்டும்.

நிற்காமல் ஓடுவதா, ஓடி நடப்பதா?

இந்த முடிவுதான் போட்டி நாளை எல்லாவற்றையும் விட அதிகமாக மாற்றும். ‘நடந்தால் மாரத்தான் ஓடியதாகுமா?’ என்ற கூச்சம் பலருக்கு இருக்கிறது. ஓடி நடக்கும் முறையைப் பரவலாக்கிய ஜெஃப் காலோவே 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். ஓடத் தெரியாதவருக்கான குறுக்கு வழியாக அவர் இதைச் சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்ற பேஸில் நிற்காமல் ஓடினால் 42.195 கிலோமீட்டரை 4 மணி 55 நிமிடத்தில் முடிப்பார். காகிதத்தில் இது அழகாக இருக்கிறது. நடப்பது என்னவென்றால், 28 கிலோமீட்டர் வரை அதே பேஸில், 3 மணி 16 நிமிடத்தில் வந்துவிடுவார். அதன்பின் தொடைத் தசை இறுகும், ஓட்டம் நடையாகும். மிச்சமுள்ள 14 கிலோமீட்டருக்கு 10 நிமிட பேஸ் என்றாலும் 2 மணி 22 நிமிடம் ஆகும். மொத்தம் 5 மணி 38 நிமிடம்.

அதே ஆள் முதல் நிமிடத்திலிருந்தே 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் வேக நடை என்று போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம் அதே 7 நிமிட பேஸ், நடை 10 நிமிட பேஸ். ஐந்து நிமிடத்துக்கு 671 மீட்டர் நகர்கிறார். சராசரி பேஸ் 7 நிமிடம் 27 நொடி. மொத்தம் 5 மணி 14 நிமிடம். ஓடி நடந்து போனவர் 24 நிமிடம் முன்னால் வருகிறார். அந்த 24 நிமிடமும் வெயில் ஏறிய பிறகு வரும் நிமிடங்கள். சென்னையில் ஜனவரியில் சூரியன் ஆறரை மணிவாக்கில் எழும். அதிகாலை 4 மணிக்குத் தொடங்கும் ஓட்டத்தில், அந்த நேரத்துக்குள் பாதித் தூரம்கூட முடிந்திருக்காது. கடினமான பாதி முழுக்க வெயிலில்தான்.

இது ஏன் வேலை செய்கிறது? ஒரே தசைக்கூட்டம் தொடர்ந்து அடி வாங்காமல், நடக்கும் நிமிடத்தில் பாரம் வேறு விதமாகப் பிரிகிறது. இதயத்துடிப்பு சற்று இறங்கி, உடல் வெப்பம் ஏறும் வேகம் குறைகிறது. தண்ணீரையும் சாப்பாட்டையும் மூக்கில் ஏறாமல் விழுங்க முடிகிறது.

தவறு நடக்கும் இடங்களும் உண்டு. முதல் 10 கிலோமீட்டரில் உடம்பு புத்துணர்ச்சியாக இருப்பதால் நடையைத் தவிர்ப்பது முதலாவது. அப்படிச் செய்தால் முறையின் பயனே போய்விடும், பின்னால் வரும் சோர்வைத் தள்ளிப்போடுவதற்குத்தான் முன்னால் நடக்கிறோம். நடையில் இழந்ததை ஓட்டத்தில் பிடிக்க வேகத்தைக் கூட்டுவது இரண்டாவது. உலாப் போவதைப்போல நடப்பது மூன்றாவது. கைகளை வீசி, அடிகளைக் குறுக்கி, கிலோமீட்டருக்குப் பத்து நிமிடத்தையொட்டி நடக்க வேண்டும். நடைக்கு மாறும்முன் பின்னால் வருபவர் மோதாதபடி ஓரத்துக்கு வந்து கையை உயர்த்துங்கள். கடிகாரத்தில் ஒலிக்குப் பதிலாக அதிர்வு வையுங்கள். ஐந்து மணி நேரத்தில் அறுபது தடவைக்கு மேல் மாற வேண்டியிருக்கும், பீப் சத்தம் சுற்றியிருப்பவர்களையும் சோதிக்கும்.

விகிதத்தை வேகம்தான் முடிவுசெய்யும். 7 நிமிட பேஸ்காரருக்கு 4:1. ஏழரைக்கு 3:1 அல்லது 2:1. அதைவிட மெதுவென்றால் 30 நொடி ஓட்டம், 30 நொடி நடைகூட நன்றாகவே போகும். நடை ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கால் இறுகி, மறுபடி ஓட்டம் எடுப்பது சிரமமாகும். நிறுத்தித் தொடங்கும்போதெல்லாம் முட்டி வலிப்பவர்களுக்கும், நாலரை மணிக்குள் முடிக்கும் அளவுக்கு ஓடி வளர்ந்தவர்களுக்கும் நிற்காத ஓட்டமே நல்லது. மற்ற எல்லோருக்கும் முதல் ஃபுல்லுக்கு ஓடி நடப்பதைத்தான் சொல்வோம். போட்டி நாளில் புதிதாக முயலாமல் முதல் வாரத்திலிருந்தே இப்படிப் பயிற்சி எடுக்க வேண்டும்.

லாங் ரன்: கிலோமீட்டரை எண்ணுவதா, மணியை எண்ணுவதா?

அட்டவணை ‘32 கிலோமீட்டர்’ என்று சொல்லும். ஆறு நிமிட பேஸ்காரருக்கு அது 3 மணி 12 நிமிடம். எட்டு நிமிட பேஸ்காரருக்கு 4 மணி 16 நிமிடம். இரண்டும் ஒரே பயிற்சி அல்ல. மூன்றரை மணி நேரத்தைத் தாண்டிய பயிற்சி ஓட்டத்தில் கூடும் பலனைவிடக் கூடும் சேதம் அதிகம், அடுத்த வாரம் முழுக்க அதிலிருந்து மீள்வதிலேயே போகும். எட்டு நிமிடக்காரர் 26-இல் நிறுத்திக்கொண்டு, முந்தின நாள் சனிக்கிழமை 8, 10 கிலோமீட்டர் ஓடிவிட்டு வருவது மேல். களைத்த காலில் ஓடும் பழக்கம் அதிலேயே வந்துவிடும்.

மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் இறக்க வேண்டும். 18, 20, 22 என்று போனால் அடுத்து 16. வேகம், வாய்விட்டு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். செப்டம்பர் புழுக்கத்தில் அந்த வேகம் உங்களுக்கு வெட்கமாகத் தோன்றும் அளவுக்கு மெதுவாக இருக்கும். இருக்கட்டும். டிசம்பர் நடுவில் கோவை மாரத்தானில் ஹாஃப் ஓட விரும்புபவர்கள் அதையும் ஒரு லாங் ரன்னாகவே ஓடுங்கள். சென்னைக்குச் சுமார் மூன்று வாரம் முன்னால் பந்தய வேகத்தில் ஓடினால் குறைப்புக் காலம் முழுக்கச் சோர்வு தீர்க்கவே சரியாகும்.

வாரத்தில் எத்தனை நாள்? நான்கு. செவ்வாய், வியாழன் 6 முதல் 8 கிலோமீட்டர், சனிக்கிழமை 6 முதல் 10, ஞாயிறு நீண்டது. 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் உடல் எடை கூடியவர்களும் மூன்று நாள் ஓட்டம், ஒரு நாள் சைக்கிள் அல்லது நீச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து நாள் இந்தக் கட்டத்தில் தேவையில்லை. அந்த ஐந்தாவது நாளுக்குப் பதில் வாரம் இரண்டு முறை 20 நிமிடம் தசைப் பயிற்சி செய்யுங்கள்: படி ஓரத்தில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது 15 வீதம் மூன்று முறை, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்தும் பிளாங்க்.

தனியாகவா, குழுவோடா?

சென்னை ரன்னர்ஸ் போன்ற குழுக்களுக்குப் பேட்டை பேட்டையாகக் கிளைகள் உள்ளன. ஞாயிறு காலை நான்கு மணிக்கு இருட்டுச் சாலையில் தனியாக ஓடுவதைவிட அது பாதுகாப்பு, தண்ணீர் ஏற்பாடும் இருக்கும். பெண்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். குறை ஒன்று: அடுத்தவர் வேகத்துக்கு இழுபடுவது. லாங் ரன்னுக்குக் குழு, வாரநாளுக்குத் தனி என்று பிரித்தால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். செயலி தரும் திட்டம் பரவாயில்லை, ஆனால் மழையும் புழுக்கமும் உங்கள் முட்டியும் அதற்குத் தெரியாது.

ஜெல்லா, வாழைப்பழமா?

கிலோமீட்டருக்குக் கிலோ எடைக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ எடை உள்ளவருக்கு மாரத்தானுக்கு 2,950 கலோரி வரும். தசையிலும் கல்லீரலிலும் சேமித்த மாவுச்சத்து 2,000 கலோரியையொட்டித்தான். கொழுப்பும் எரிகிறது, ஆனால் மெதுவாக. 30-ஆவது கிலோமீட்டரையொட்டிச் சுவரில் முட்டியதைப்போல ஆவது இதனால்தான். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பசித்த பிறகு அல்ல, முதல் 40 நிமிடத்திலிருந்தே.

ஜெல் என்பது ஓடும்போது விழுங்கும் சர்க்கரைக் கூழ்ப் பொட்டலம், ஒன்றில் 20 முதல் 25 கிராம். மடியில் வைக்கலாம், அளவு தெரியும். விலை அதிகம், தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் வயிறு புரளும். நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராமையொட்டி. மலிவு, வயிற்றுக்குப் பழக்கம், ஆனால் ஓடிக்கொண்டே மெல்ல முடியாது, நடை நிமிடம் வேண்டும். ஓடி நடப்பவருக்கு இது குறையே அல்ல. கடலை மிட்டாயில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகச் செரிக்கும், ஓட்டம் முடிந்தபின் சாப்பிடலாம். குளுக்கோஸ் பொடி 30 முதல் 40 கிராமும், கால் தேக்கரண்டி உப்பும், அரை எலுமிச்சையும் அரை லிட்டர் தண்ணீரில் கரைத்தால் நல்ல பானம். அதைவிட அடர்த்தியாகக் கரைத்தால் வயிறு உப்பும். ஓ.ஆர்.எஸ். உப்புக்கானது, எரிபொருளுக்கானது அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம்தான். இளநீரில் பொட்டாசியம் நிறைய, வியர்வையில் அதிகம் போகும் சோடியம் குறைவு. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

எவ்வளவு குடிப்பது என்பதை ஊகிக்காமல் அளந்து பாருங்கள். ஓடும்முன் ஈரமில்லாத உடம்போடு எடை: 70.0. தொண்ணூறு நிமிடம் ஓடி, வியர்வையைத் துடைத்து, மறுபடி எடை: 68.6. நடுவில் குடித்தது அரை லிட்டர். ஆக, போன வியர்வை 1.9 லிட்டர், மணிக்கு ஏறக்குறைய 1.3 லிட்டர். அதை முழுதாக ஈடுகட்ட வயிற்றால் முடியாது. மணிக்கு 600 முதல் 800 மில்லி வரை உப்புக் கலந்து குடித்து, எடை இழப்பை 2, 3 சதவீதத்துக்குள் வைக்க முயலுங்கள். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அது ஆபத்து. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்குவது தலைவலி, வாந்தி, குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே உலை வைக்கும். ஓடும்போது வலிமாத்திரையும் கூடாது. நீர் குறைந்த உடம்பில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

ஷூ

கார்பன் தகடு வைத்த விலையுயர்ந்த ஷூ முதல் ஃபுல்லுக்குத் தேவையில்லை. மெத்தென்ற சாதாரணப் பயிற்சி ஷூ, நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு, மாலையில் கால் வீங்கியிருக்கும்போது போட்டுப்பார்த்து வாங்குங்கள். இடம் இல்லாவிட்டால் நகம் கறுக்கும். பணம் இருந்தால் ஒரு உயர்ந்த ஜோடியைவிட இரண்டு நடுத்தர ஜோடி மேல், மழைக்காலத்தில் ஒன்று காயும்போது மற்றதைப் போடலாம். 500 முதல் 800 கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள். போட்டிக்கு வைத்திருக்கும் ஜோடி குறைந்தது 80 கிலோமீட்டராவது ஓடியிருக்கட்டும். பருத்திக் காலுறையும் பருத்தி பனியனும் வேண்டாம். நனைந்தால் ஒன்று கொப்புளம், மற்றது மார்புக்காம்பில் ரத்தம். அக்குளிலும் தொடை இடுக்கிலும் வாசலின் தடவுங்கள்.

கடைசி முடிவு: டிசம்பர் மூன்றாவது வாரம்

பதிவு செய்துவிட்டதால் ஓடியே ஆக வேண்டும் என்பதில்லை. டிசம்பர் மூன்றாவது வாரத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டம் குறைந்தது இரண்டு முடித்திருக்கிறீர்களா? அதற்கு மறுநாள் கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்க முடிந்ததா? போட்டியில் சாப்பிடப்போவதை ஓடும்போது சாப்பிட்டு வயிறு ஏற்றுக்கொண்டதா?

மூன்றுக்கும் ஆம் என்றால் ஃபுல். இரண்டுக்கு ஆம் என்றால் 32. ஒன்றுதான் என்றால் ஹாஃப். பிரிவு மாற்றிக்கொள்ள அனுமதி உண்டா, எந்தத் தேதி வரை, ஓட்டத்தை முடித்தாக வேண்டிய கட்-ஆஃப் நேரம் எத்தனை மணி என்பதைப் பதிவு செய்யும் நாளிலேயே படித்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் மேலாக, எலும்பில் ஒரு விரல்நுனியால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலி இருந்து, நடக்கும்போதும் அது தொடர்ந்தால், எந்தப் பிரிவிலும் ஓடாதீர்கள். அது எலும்பில் விரிசல் தொடங்குவதாக இருக்கலாம், அதே வாரம் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தசை இறுக்கம் ஓட ஓடத் தளரும். இந்த வலி ஓட ஓடக் கூடும்.